கெர்னல் ஸ்டோரேஜ் நிரலில் கிராஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் லினக்ஸ் கெர்னலைப் பற்றியது. ஸ்டோரேஜ் என்று இங்கே சொல்வது ஒரு முழு அடுக்கை: மேலே ஃபைல் சிஸ்டம், அதற்குக் கீழே பிளாக் லேயர், அதற்கும் கீழே ஸ்கஸி, என்விஎம்இ போன்ற டிரைவர்கள், இடையில் செருகப்படும் டிவைஸ் மேப்பர், எம்டி ரெய்டு. சி மொழி தெரிந்து, ஒரு முறையாவது கெர்னலைத் தானே கம்பைல் செய்து பூட் செய்து பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டது.

ஊப்ஸ், பேனிக், தொங்கிப்போவது எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கெர்னல் தன் நிரலுக்குள்ளேயே செய்யக்கூடாத ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டால் ஊப்ஸ். அந்த நேரத்தில் ஓடிய டாஸ்க்கை மட்டும் கொன்றுவிட்டு மற்ற வேலைகளைத் தொடரப் பார்க்கும். இனி ஓட முடியாது என்று மொத்தமாக நின்றுவிட்டால் பேனிக். இன்டரப்ட் சூழலில் ஊப்ஸ் வந்தால் கொல்ல ஒரு டாஸ்க் இல்லை, நேரே பேனிக்தான். டிஸ்க் பதில் சொல்லும்போது ஓடும் நிரல் பெரும்பாலும் இன்டரப்ட்டில் ஓடுவதால், ஸ்டோரேஜ் கிராஷ்களில் பேனிக்கை அதிகம் பார்ப்பீர்கள்.

ஊப்ஸுக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நம்பக் கூடாது. கொல்லப்பட்ட டாஸ்க் பிடித்திருந்த பூட்டுகளைத் திறக்க ஆளில்லை. அதே பூட்டுக்காக ஒவ்வொரு டாஸ்க்காக வந்து வரிசையில் நிற்கும், 120 விநாடி கழித்து ‘ஹங் டாஸ்க்’ எச்சரிக்கைகள் கொட்டும், பார்ப்பவர் அந்த எச்சரிக்கைகளைத் துரத்திக்கொண்டு போவார். சோதனை இயந்திரத்தில் ‘பேனிக்_ஆன்_ஊப்ஸ்’ அமைப்பை 1 ஆக்கி, ‘கெர்னல்.பேனிக்’ மதிப்பை 10 ஆக வையுங்கள். முதல் ஊப்ஸிலேயே நின்று, பத்து விநாடியில் தானாக ரீபூட் ஆகும்.

ஊப்ஸே இல்லாமல் தொங்கினால் ‘ஹங்_டாஸ்க்_பேனிக்’கை 1 ஆக்குங்கள். தொங்கலும் பேனிக்காக மாறும், டம்ப் (மெமரியின் நகல்) கிடைக்கும்.

கிராஷுக்குப் பிறகு டிஸ்கை உடனே மவுன்ட் செய்யலாமா?

தூக்கிப் போடும் சோதனை டிஸ்க் என்றால் செய்யலாம். மற்றபடி, முதலில் முழுப் படிமம் ஒன்றை எடுத்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ‘ரீட்-ஒன்லி’ என்று சொல்லி மவுன்ட் செய்தாலும் எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டும் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) மறு ஓட்டம் செய்யும். அதாவது டிஸ்கில் எழுதும். எழுதாமல் பார்க்க வேண்டுமானால் எக்ஸ்டி4-க்கு ‘நோலோட்’, எக்ஸ்எஃப்எஸ்-க்கு ‘நோரெக்கவரி’ என்ற மவுன்ட் விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். இன்னும் உறுதியாக, ‘பிளாக்டெவ்’ கருவியால் டிவைஸையே படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். சோதிக்க ‘ஈ2எஃப்எஸ்சிகே’, ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’ இரண்டையும் -என் விருப்பத்தோடு மட்டும் ஓட்டுங்கள். ‘எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்’ கருவியின் -எல் விருப்பம் ஜர்னலையே துடைத்துவிடும்; வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

தரவைக் காப்பாற்றுவது ஒரு காரணம். இன்னொன்று, டிஸ்கில் இருந்த குறிப்பிட்ட மெட்டாடேட்டாதான் கெர்னலை விழவைத்தது என்றால் உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான். பழுது பார்க்கும் கருவியை ஓட்டியதும் அது போய்விடும். முழு டிஸ்கையும் பிறருக்கு அனுப்ப முடியாதபோது ‘எக்ஸ்எஃப்எஸ்_மெட்டாடம்ப்’ மெட்டாடேட்டாவை மட்டும், ஃபைல் பெயர்களை மறைத்து எடுத்துத் தரும். எக்ஸ்டி4-க்கு ‘ஈ2இமேஜ்’.

ரீபூட்டுக்குப் பிறகு லாக்கில் ஒன்றுமே இல்லையே?

இருக்காது. லாக்கை எழுத வேண்டிய டிஸ்க்தான் விழுந்தது. கடைசி சில விநாடிச் செய்திகள் மெமரியோடு போயிருக்கும். டிஸ்கை நம்பாத ஒரு வழி வேண்டும்.

மெய்நிகர் இயந்திரம் என்றால் சீரியல் கன்சோல் போதும்: பூட் வரியில் சீரியல் போர்ட்டின் பெயரும் 115200 வேகமும் கொடுத்து, வெளியீட்டை ஹோஸ்ட்டில் ஒரு ஃபைலுக்குத் திருப்புங்கள். நிஜ இயந்திரத்தில் சீரியல் போர்ட் இல்லையென்றால் ‘நெட்கன்சோல்’. இது கெர்னல் செய்திகளை யூடிபி வழியாக இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பும். பெறும் பக்கத்தின் வழக்கமான போர்ட் 6666. சில மதர்போர்டுகளில் ‘பிஸ்டோர்’ வழியாக ஃபர்ம்வேர் மெமரியில் கடைசிச் செய்திகள் தங்கும். ஆனால் இடம் சிறியது, நீண்ட ஊப்ஸின் ஒரு பகுதி வெட்டுப்படலாம்.

கன்சோலின் செய்தி அளவை உயர்த்த மறக்காதீர்கள். பல விநியோகங்கள் ‘குவையட்’ என்று பூட் வரியில் வைத்திருக்கும்.

கேடம்ப் அமைக்கும்போது ஸ்டோரேஜ் பிழைக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

கேடம்ப் இப்படி வேலை செய்கிறது: பூட் ஆகும்போதே ‘கிராஷ்கெர்னல்=256எம்’ என்பது போல் ஒரு பகுதி மெமரியை ஒதுக்கி, அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை ஏற்றி வைப்போம். முதல் கெர்னல் விழுந்ததும் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் மெமரியை ‘விஎம்கோர்’ என்ற ஃபைலாக எழுதும்.

எங்கே எழுதும் என்பதுதான் சிக்கல். இரண்டாவது கெர்னலும் அதே டிரைவரைக் கொண்டு அதே டிஸ்கில் எழுதப் போனால் அதுவும் அதே குழியில் விழும். டம்பை எஸ்எஸ்எச் அல்லது என்எஃப்எஸ் வழியாக வேறு இயந்திரத்துக்கு அனுப்பும்படி அமையுங்கள். முடியாதென்றால் வேறு வகை டிரைவரில் ஓடும் டிஸ்க்குக்கு. என்விஎம்இ நிரலில் பிழை என்றால் சாட்டா டிஸ்க்கில் எழுதட்டும்.

அடுத்தது, டம்பைச் சுருக்கும் ‘மேக்டம்ப்ஃபைல்’ கருவியின் -டி (-d) எண். வழக்கமாக எல்லோரும் 31 கொடுக்கிறார்கள். அது ஐந்து எண்களின் கூட்டு: 1 பூஜ்யப் பக்கங்கள், 2 சாதா பேஜ் கேஷ், 4 தனித்தரவு இணைந்த பேஜ் கேஷ், 8 பயனர் மெமரி, 16 விடுவிக்கப்பட்ட பக்கங்கள். 31 என்றால் இவை அனைத்தும் டம்பில் இருக்காது. ஃபைல் சிஸ்டம் பிழையைத் துரத்துபவருக்கு பேஜ் கேஷ்தானே வேண்டும்? அதற்கு 25 கொடுங்கள். விடுவித்த மெமரியைத் தொட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் 16-ஐயும் கழித்து 9. டம்ப் பெரிதாகும், அவ்வளவுதான். பேஜ் கேஷில் பயனரின் ஃபைல்களும் இருக்கும் என்பதால் அந்த டம்பை யாருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள்.

அமைத்ததும் ஒரு முறை வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள்: ‘சிஸ்ஆர்கியூ-டிரிகர்’ ஃபைலில் ‘சி’ என்ற எழுத்தை எழுதினால் போதும். நிஜ கிராஷ் வரும் நாளில்தான் கேடம்ப் ஓடாதது தெரியவந்தால் வெறுத்துப்போகும்.

ஊப்ஸ் செய்தியை எந்த வரிசையில் படிப்பது?

முதலில், இது முதல் ஊப்ஸ்தானா என்று பாருங்கள். ‘டெயின்டட்’ வரியில் ‘டி’ (D) எழுத்து இருந்தால் இதற்கு முன்பே ஒன்று விழுந்திருக்கிறது. மேலே போய் அதைத் தேடுங்கள். ‘டபிள்யூ’ இருந்தால் ஒரு எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருக்கிறது, பல நேரம் அதுவே உண்மையான செய்தி. ‘ஓ’ வெளியிலிருந்து வந்த மாட்யூல், ‘பி’ (P) மூடிய உரிமம் கொண்ட மாட்யூல். ‘எம்’ என்றால் பிராசசரே வன்பொருள் கோளாறு சொல்லியிருக்கிறது; நிரலை விட்டுவிட்டு வன்பொருளைப் பாருங்கள்.

அடுத்து முகவரி. அந்த எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை புரியும்.

0000000000000018 போல மிகச் சிறிய எண் என்றால், ஒரு ஸ்ட்ரக்சருக்கான பாயின்டர் நல், அதில் பதினாறடிமான 18-ஆவது, அதாவது 24-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொடப் பார்த்திருக்கிறது. ‘பாஹோல்’ கருவியில் அந்த ஸ்ட்ரக்சரைப் போட்டுப் பாருங்கள்; 24-இல் என்ன உறுப்பு இருக்கிறது என்று காட்டும். ஒரே வரியில் மூன்று அம்புக்குறிகள் தொடர்ந்து வரும் நிரலில் எந்த அம்பு நல் என்று இப்படித்தான் பிரிக்க முடியும்.

‘6பி6பி6பி’ என்று ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் அது ஸ்லப் அலோகேட்டரின் நச்சு மதிப்பு: விடுவித்த மெமரிக்குள்ளிருந்து எடுத்த பாயின்டர். இது தெரிய ‘ஸ்லப்_டீபக்’ இயக்கத்தில் இருக்க வேண்டும். ‘டெட்’ என்று தொடங்கி 100 அல்லது 122 என்று முடிந்தால், பட்டியலிலிருந்து ஏற்கெனவே கழற்றப்பட்ட கண்ணியை இன்னொரு முறை கழற்றப் பார்த்திருக்கிறது. மொத்தமும் சரியாக இருந்து ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் ராம் மீது சந்தேகம் கொள்ளுங்கள்.

பிறகு ‘ஆர்ஐபி’ வரி, அதாவது விழுந்த கணத்தில் ஓடிய கட்டளையின் இடம்: ஃபங்ஷனின் பெயர், அதற்குள் எத்தனையாவது பைட், சாய்கோட்டுக்குப் பிறகு ஃபங்ஷனின் மொத்த நீளம். கெர்னல் மூலத்தில் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ அடைவில் உள்ள ‘எஃப்அட்ர்2லைன்’ இதை நிரல்வரியாக மாற்றும், இன்லைன் ஆன ஃபங்ஷன்களையும் வரிசையாகக் காட்டும். முழு டிரேஸையும் ஒரேயடியாக மாற்ற ‘டீகோட்_ஸ்டாக்டிரேஸ்’. இரண்டுக்கும் விழுந்த அதே பில்டின் ‘விஎம்லினக்ஸ்’ ஃபைல், டீபக் தகவலோடு வேண்டும். ‘அதே கான்ஃபிக்தானே’ என்று மறுபடி கம்பைல் செய்து பார்ப்பது வேலைக்காகாது. கம்பைலர் சற்று மாறினாலும் வரி எண் பொய் சொல்லும்.

கால் டிரேஸில் கேள்விக்குறியோடு வரும் வரிகள் நம்பத்தகாதவை. ஸ்டாக்கில் பழைய எச்சமாகக் கிடந்த முகவரிகள் அவை. மற்ற வரிகள் காட்டுவது திரும்பி வர வேண்டிய முகவரி என்பதால், அழைப்பு நடந்த வரிக்கு அடுத்த வரியைக் காட்டுவதுண்டு. ஆர்ஐபி மட்டும் துல்லியம்.

நல் என்று தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு நல் சோதனை போட்டால் முடிந்ததுதானே?

பெரும்பாலும் முடியாது. ‘இந்தப் பாயின்டர் நல் ஆக இருந்தால் திரும்பிவிடு’ என்ற பேட்ச் வந்தால் எந்தப் பராமரிப்பாளரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது எப்படி நல் ஆனது? அதற்குப் பதில் இல்லாத பேட்ச் திரும்பி வரும். வரவும் வேண்டும்.

ஸ்டோரேஜ் நிரலில் ஒரு கோரிக்கை கைமாறிக்கொண்டே போகிறது: ஃபைல் சிஸ்டத்திடமிருந்து பிளாக் லேயருக்கு, டிரைவருக்கு, டிவைஸுக்கு, திரும்ப இன்டரப்ட் வழியாக மேலே. கேட்க வேண்டிய கேள்வி ‘இந்தக் கணத்தில் இந்தப் பொருள் யாருடைய கையில் இருக்கிறது, அதை விடுவிக்கும் உரிமை யாருக்கு?’ என்பது. நல் ஆக்கியவர் இன்னொரு சிபியுவில் ஓடுகிறார் என்றால், நீங்கள் நல் இல்லை என்று சோதித்த அடுத்த நொடியே நல் ஆகலாம். சோதனை போட்டதால் கிராஷ் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்து, இன்னும் பிடிபடாததாகிவிடும். அதைவிட மோசம், விழ வேண்டிய கெர்னல் விழாமல் தவறான தரவை எழுதிக்கொண்டு ஓடுவது.

நல் என்பது உண்மையிலேயே அனுமதிக்கப்பட்ட நிலை, அந்த ஃபங்ஷனை எழுதியவர் அதை மறந்துவிட்டார் என்றால் மட்டும் அந்தச் சோதனையே சரியான திருத்தம். அதை கமிட் செய்தியில் விளக்கிவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பிழை வகைகள் எவை?

முதலிடம் அனுப்பிய பின் தொடுவது. எடுத்துக்காட்டாக ஒரு டிரைவரில் இரண்டு வரிகள்: முதல் வரி ‘சப்மிட்_பயோ’வை அழைத்து ஒரு பயோவை (பிளாக் லேயரின் படி/எழுது கோரிக்கை) கீழே அனுப்புகிறது. அடுத்த வரி அதே பயோவின் அளவை எடுத்துப் புள்ளிவிவரத்தில் கூட்டுகிறது. சுழலும் டிஸ்கில் பதில் வர சில மில்லிவிநாடிகள் ஆகும், இரண்டாவது வரி எப்போதும் முந்திக்கொள்ளும். இப்படி ஒரு நிரல் வருடக்கணக்கில் ஓடலாம். என்விஎம்இ சில பத்து மைக்ரோவிநாடியில் பதில் சொல்லும். இடையில் இந்தச் சிபியுவை ஒரு இன்டரப்ட் இழுத்துக்கொண்டால், இன்னொரு சிபியு பயோவை முடித்து விடுவித்தேவிடும். பிறகு இரண்டாவது வரி படிப்பது யாருடையதோ மெமரி. ‘பயோ_கெட்’ போட்டு ஒரு குறிப்பெண்ணை உயர்த்திப் பிடித்துக்கொண்டால் கிராஷ் நிற்கும். ஆனால் எண் தவறாகவே வரும், ஏனென்றால் கோரிக்கை முடிய முடிய அந்த அளவு பூஜ்யத்தை நோக்கிக் குறைகிறது. சரியான திருத்தம் அளவை ஒரு உள் மாறியில் முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு அனுப்புவது. ஒரு வரி மேலே போகிறது, அவ்வளவே.

இரண்டாவது, டைம்அவுட்டும் பதிலும் ஒரே நேரத்தில் வருவது. ஸ்கஸி டிஸ்க், என்விஎம்இ இரண்டுக்கும் வழக்கமான வரம்பு 30 விநாடி. 30-ஆவது விநாடியில் டைம்அவுட் நிரல் எழுந்து கோரிக்கையை ரத்து செய்யும் கணத்தில் டிவைஸின் பதிலும் வந்தால், இருவரும் அதே கோரிக்கையை முடிப்பார்கள். இரட்டை முடிவு கிராஷ் ஆனால் நல்லது என்றே சொல்ல வேண்டும். ஆகாவிட்டால் நடப்பது: கோரிக்கையை அடையாளம் காட்டும் அந்த டேக் எண் புதிய கோரிக்கைக்குப் போய்விடும், பழைய பதில் புதிய கோரிக்கையை முடித்துவைக்கும், இன்னும் வராத தரவை வந்ததாக நினைத்து மேலே கொடுத்துவிடும். இதனால்தான் 2021-இல் என்விஎம்இ டிரைவர் தன் 16 பிட் கட்டளை எண்ணில் 4 பிட்டைத் தலைமுறை எண்ணாக ஒதுக்கியது. டேக் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை வேறென்றால் அந்தப் பதில் நிராகரிக்கப்படும்.

மூன்றாவது, டிவைஸைப் பிடுங்குவது. டிஸ்கை நீக்கும் பாதை தன் ஸ்ட்ரக்சரை விடுவித்துவிட்டது. ஆனால் அதற்குள் இருந்த டைமரோ வொர்க் ஐட்டமோ இன்னும் வரிசையில் நிற்கிறது. விடுவிக்கும் முன் அவற்றை நிறுத்தி, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நிறுத்தும் வரிசையும் முக்கியம்: டைமர் வொர்க்கை எழுப்புகிறது, வொர்க் டைமரைத் திரும்ப வைக்கிறது என்றால் எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது உயிர்ப்பிக்கும். கெர்னல் 6.2-இல் வந்த ‘டைமர்_ஷட்டவுன்_சிங்க்’ இதற்குத்தான். அதற்குப் பிறகு யார் வைத்தாலும் டைமர் ஓடாது.

மெமரி கேட்கும் விதத்தில் வரும் தவறு கிராஷைவிடத் தொங்கலாகவே வரும். ஐஓ பாதையில் நின்றுகொண்டு ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ என்று கேட்டால், மெமரி இல்லாதபோது கெர்னல் அழுக்குப் பக்கங்களை டிஸ்கில் எழுதி இடம் பண்ணப் பார்க்கும். அந்த எழுத்து உங்களிடமே வந்து நிற்கும். ‘ஜிஎஃப்பி_நோஐஓ’வும் மெம்பூலும் (முன்கூட்டியே ஒதுக்கி வைத்த மெமரி இருப்பு) இதற்காக இருக்கின்றன. ஆனால் ஒரே பயோசெட்டிலிருந்து (பயோக்களுக்கான மெம்பூல்), முதலில் எடுத்ததை அனுப்பாமலே இரண்டாவதை எடுக்கப் பார்த்தால் மெம்பூலும் காப்பாற்றாது.

ஸ்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குவது பழைய கதை. ‘டீபக்_அடாமிக்_ஸ்லீப்’ போட்டால் முதல் நாளே பிடிபடும். ஸ்டாக்கில் உள்ள பஃபரை டிஎம்ஏவுக்குக் கொடுப்பதும் அப்படியே. 4.9-இலிருந்து கெர்னல் ஸ்டாக் மெய்நிகர் மேப்பிங்கில் இருக்கலாம் என்பதால் அது செல்லாது. ‘கேமாலக்’ செய்து கொடுங்கள். எக்ஸ்86-64-இல் ஸ்டாக் 16 கேபிதான் என்பதையும் நினைவில் வையுங்கள், ரெய்டு மேல் என்கிரிப்ஷன் மேல் ஃபைல் சிஸ்டம் என்று அடுக்கும்போது.

வாரத்துக்கு ஒரு முறை வரும் கிராஷை எப்படி வரவழைப்பது?

ஓடும் சர்வரில் காத்திருக்காதீர்கள். கியூஎமு மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், அரிதாக நடப்பதை அடிக்கடி நடக்கவையுங்கள்.

டைம்அவுட் பாதை சந்தேகம் என்றால் ‘ஃபெயில்_ஐஓ_டைம்அவுட்’ வசதியோடு கெர்னலைக் கட்டி, ‘நல்_பிளாக்’ டிவைஸை ஏற்றி, அதன் சிஸ் அடைவில் உள்ள ‘ஐஓ-டைம்அவுட்-ஃபெயில்’ ஃபைலில் 1 எழுதுங்கள். நிகழ்தகவு, இடைவெளி எல்லாம் டீபக்எஃப்எஸ் அடைவில் அமைக்கலாம். 30 விநாடி வரம்பையும் 1 அல்லது 2 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். மணிக்கு நூறு டைம்அவுட் கிடைக்கும்.

டிஸ்க் பிழைகளுக்கு ‘டிஎம்-ஃபிளேக்கி’: இத்தனை விநாடி நன்றாக ஓடு, இத்தனை விநாடி பிழை கொடு என்று சொல்லலாம். தாமதத்துக்கு ‘டிஎம்-டிலே’. ஸ்கஸி பிழை மீட்புப் பாதைக்கு ‘ஸ்கஸி_டீபக்’ மாட்யூலின் ‘எவ்ரி_என்த்’ அளவுரு. டிவைஸ் நீக்கத்துக்கு, ‘ஃபியோ’ என்ற சுமைக் கருவி 64 ஆழத்தில் (ஒரே நேரத்தில் 64 கோரிக்கைகள்) எழுதிக்கொண்டிருக்கும்போதே சிஸ் அடைவின் ‘டெலீட்’ ஃபைலில் 1 எழுதி, மறு ஸ்கேன் செய்து, இதை லூப்பில் போடுங்கள். மெமரி கிடைக்காத பாதைக்கு ‘ஃபெயில்ஸ்லப்’. பிழை திரும்பும் பாதைகள்தான் யாரும் ஓட்டிப் பார்க்காதவை.

இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் மோதல்) என்று ஊகம் இருந்தால், அந்த இடைவெளியில் ‘எம்டிலே’ கொண்டு 50 மில்லிவிநாடி தாமதத்தைத் தற்காலிகமாகச் செருகுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வந்தது நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் ஊகம் சரி. வராவிட்டால் வேறு இடம். இதைவிட மலிவான சோதனை கிடையாது. நிஜ சிபியுக்களைவிட அதிக மெய்நிகர் சிபியுக்களைக் கொடுத்தாலும் இதே விளைவு ஓரளவு கிடைக்கும்.

கேசான் போட்டால் எல்லாம் பிடிபடுமா?

கேசான் என்பது மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதி. அதில் நிறையப் பிடிபடும். விடுவித்த மெமரியைத் தொட்டால், தொட்ட இடம், ஒதுக்கிய இடம், விடுவித்த இடம் என மூன்று டிரேஸ்களையும் ஒன்றாகக் கொடுக்கும். பாதி வேலை அங்கேயே முடியும். பொதுவகைக் கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கை நிழல் மெமரியாக எடுத்துக்கொள்ளும், வேகமும் குறையும்.

ஸ்டோரேஜில் அதற்கு ஒரு பெரிய குருட்டுப் புள்ளி இருக்கிறது. பிளாக் லேயரின் ‘ரிக்வெஸ்ட்’ ஸ்ட்ரக்சர்கள் ஒவ்வொரு ஐஓவுக்கும் ஒதுக்கி விடுவிக்கப்படுவதில்லை. டேக் ஒன்றுக்கு ஒன்று என முன்கூட்டியே மொத்தமாக ஒதுக்கப்பட்டு, அதே மெமரி சுழற்சியில் ஓடும். ஆகவே முடிந்துபோன ரிக்வெஸ்ட்டைத் தொட்டாலும் கேசானுக்கு அது உயிருள்ள மெமரிதான், ஒன்றும் சொல்லாது. அங்கே நீங்களே ‘வார்ன்_ஆன்_ஒன்ஸ்’ வைத்து ரிக்வெஸ்ட்டின் நிலையையும் டேக்கையும் சரிபார்க்க வேண்டும்.

கூடவே ‘புரூவ்_லாக்கிங்’, ‘டீபக்_லிஸ்ட்’, ‘டீபக்_ஆப்ஜெக்ட்ஸ்’ போடுங்கள். கடைசியாகச் சொன்னது உயிரோடு இருக்கும் டைமரோடு மெமரியை விடுவிப்பதைப் பிடிக்கும். எல்லாம் சேர்ந்து வேகம் குறைந்து ரேஸே மறைந்துபோனால், முதலில் பூட்டுச் சோதனையை எடுங்கள். நிஜச் சுமையில்தான் வருகிறது என்றால் 5.12-இல் வந்த ‘கேஃபென்ஸ்’ பயன்படும்: மாதிரி எடுத்துச் சோதிப்பதால் செலவு மிகக் குறைவு, ஆனால் பல இயந்திரங்களில் பல நாள் ஓட வேண்டும்.

கிட் பைசெக்ட் எப்போது உதவும், எப்போது ஆபத்து?

‘முந்தைய பதிப்பில் இல்லை, இதில் இருக்கிறது’ என்று உறுதியாகத் தெரிந்து, கிராஷும் நம்பகமாக வந்தால், கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் பைசெக்ட்தான் குறுக்கு வழி. 14,000 கமிட்கள் என்றாலும் சுமார் 14 பில்டில் முடியும். ‘பைசெக்ட் ரன்’ ஸ்கிரிப்ட்டில், கம்பைல் ஆகாத கமிட்டுக்கு 125 திருப்பினால் அதைத் தாண்டிப் போகும்.

பத்து நிமிடத்தில் பாதி முறைதான் வரும் கிராஷ் என்றால் ஒரே ஓட்டத்தில் ‘நல்லது’ என்று முத்திரை குத்தாதீர்கள். ஒரு தவறான ‘நல்லது’ போதும், மீதிப் பில்டுகள் எல்லாம் வீண். பாதி வாய்ப்புள்ள கிராஷுக்கு ஏழு முறை ஓட்டினால் தவறு நூற்றில் ஒன்றுக்கும் கீழே போகும்.

ஆபத்து: பைசெக்ட் உங்களை அரைகுறைக் கெர்னல்களில் இறக்கிவிடும், அவை டிஸ்கை எழுதும். 2021 மார்ச்சில் 5.12-ஆர்சி1-இல் ஸ்வாப் ஃபைலுக்கு எழுத வேண்டியதை ஃபைல் சிஸ்டத்தின் வேறு இடத்தில் எழுதும் பிழை இருந்தது. அந்த வெளியீட்டின் டேகையே ‘டோன்ட்யூஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். அந்தக் கமிட்கள் வரலாற்றில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பகுதியைக் கடக்கும் பைசெக்ட்டில் ஸ்வாப் ஃபைல் இருந்தால் பாதிப்பும் இருக்கும். தூக்கிப் போடும் டிஸ்க் படிமத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

கெட்டுப்போன படிமத்தை மவுன்ட் செய்தால் கெர்னல் விழுகிறது. படிமம்தானே தவறு?

படிமமும் தவறு, கெர்னலும் தவறு. டிஸ்கிலிருந்து வரும் எந்த எண்ணும் வெளியாள் கொடுத்தது என்றே கருத வேண்டும். நீளம், ஆஃப்செட், எண்ணிக்கை எல்லாவற்றையும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ‘இஎஃப்எஸ்கரப்டட்’ பிழையைத் திருப்ப வேண்டும். கூட்டும்போது எண் வழிந்து சிறியதாகிவிடும் இடங்களில்தான் இந்தச் சோதனைகள் பொதுவாகக் கோட்டை விடும்.

அங்கே ‘பக்_ஆன்’ போடுவது ஒரு யூஎஸ்பி குச்சி செருகி இயந்திரத்தை வீழ்த்தும் வசதியைச் செய்துகொடுப்பது. புதிய நிரலில் ‘பக்_ஆன்’ சேர்த்தால் ‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்ட்டே எச்சரிக்கும்.

கிராஷ் ஃபைல் சிஸ்டத்தில் நடந்தது. பிழையும் அங்கேதானே?

அப்படி எண்ணி வாரக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. 2018 இறுதியில் 4.19 கெர்னலில் எக்ஸ்டி4 சேதம் என்று புகார்கள் வந்தன. மூலம் பிளாக் லேயரில் இருந்தது: கோரிக்கையை நேரடியாக டிரைவருக்கு அனுப்பும் பாதை, டிரைவர் ‘இப்போது முடியாது’ என்றபோது அதைச் சரியாகக் கையாளவில்லை. ஐஓ ஷெட்யூலர் (கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பகுதி) ‘நன்’ என்று இருந்த இயந்திரங்களில்தான் வெளிப்பட்டது. திருத்தம் 4.19.8-இல் வந்தது. ஒரே ஃபைல் சிஸ்டத்தை வேறு டிரைவர் மேலும், அதே டிரைவரை வேறு ஃபைல் சிஸ்டத்தோடும் ஓட்டி, ஷெட்யூலரையும் மாற்றிப் பாருங்கள். அரை நாள் வேலை, அடுக்கு பிரிந்துவிடும்.

திருத்தம் எழுதியாகிவிட்டது. சரியென்று எப்படி உறுதி செய்வது?

பேட்ச் இல்லாத கெர்னலில் கிராஷ் வருவதை அதே நாளில், அதே அமைப்பில் மறுபடி காட்டுங்கள். பிறகு பேட்ச்சோடு, கிராஷுக்கு வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஓட்டுங்கள். செருகிய ‘எம்டிலே’ இருக்கும்போதும் வரக் கூடாது.

பிளாக் லேயர் மாற்றம் என்றால் ‘பிளாக்டெஸ்ட்ஸ்’, ஃபைல் சிஸ்டம் என்றால் ‘எஃப்எஸ்டெஸ்ட்ஸ்’ முழுவதும், கேசானும் பூட்டுச் சோதனையும் போட்ட கெர்னலில். பேட்ச்சுக்கு முன்னும் ஓட்டி ஒப்பிடுங்கள். ஏற்கெனவே தோற்கும் சோதனைகள் சில எப்போதும் இருக்கும். உங்கள் கிராஷை வரவழைக்கும் ஸ்கிரிப்ட்டை ஒரு புதிய சோதனையாக அங்கேயே சேர்த்துவிட்டால் நல்லது.

பேட்ச்சில் என்னென்ன இருக்க வேண்டும்?

தலைப்பு வரியில் துணையமைப்பின் பெயர், 75 எழுத்துக்குள். உடலில் எந்த இரண்டு பாதைகள் எந்த வரிசையில் மோதுகின்றன என்பதை, முடிந்தால் இரண்டு சிபியுக்களையும் அருகருகே இரு பத்தியாக வைத்துக் காட்டுங்கள். டிரேஸில் நேர முத்திரை, ரெஜிஸ்டர்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, தேவையான ஆறேழு வரிகள் மட்டும். பிறகு ‘ஃபிக்ஸஸ்’ வரி: பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும். பழைய பதிப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் ‘ஸ்டேபிள்’ முகவரிக்கு ‘சிசி’ வரி. உங்கள் ‘சைன்டு-ஆஃப்-பை’ கட்டாயம். யாருக்கு அனுப்புவது என்று ‘கெட்_மெயின்டெய்னர்’ சொல்லும். திருத்தத்தோடு அழகுபடுத்தல்களைக் கலக்காதீர்கள். அவை தனி பேட்ச். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் நினைவூட்டலாம்.

பழைய கெர்னலுக்கு நானே பேக்போர்ட் செய்யலாமா?

ஸ்டேபிள் பதிப்புக்குப் போகும் பேட்ச் முதலில் முதன்மைக் கெர்னலில் சேர்ந்திருக்க வேண்டும், சூழல் வரிகளோடு 100 வரிக்குள் இருக்க வேண்டும். சுத்தமாக அப்ளை ஆவது மட்டும் போதாது. 2023 டிசம்பரில் 6.1.64-இல் நடந்தது இதுதான்: டைரக்ட் ஐஓ தொடர்பான ஒரு எக்ஸ்டி4 திருத்தம், அது சார்ந்திருந்த இன்னொரு மாற்றம் இல்லாமல் பழைய தொடருக்குப் போனது. பிழையின்றி கம்பைல் ஆனது, ஓடியது, தரவைக் கெடுத்தது. டெபியன் தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு, திருத்தம் உள்ள 6.1.66-ஐ வைத்து 12.4-ஐ வெளியிட்டது.

ஆகவே, உங்கள் பேட்ச் அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் பழைய மரத்தில் திறந்து பாருங்கள். திருப்பும் மதிப்பின் பொருள் அதேதானா, அழைக்கும்போது எந்தப் பூட்டு கையில் இருக்க வேண்டும், ஆஃப்செட்டை முன்னகர்த்துவது யார் பொறுப்பு என்று பாருங்கள். பிறகு கிராஷை வரவழைக்கும் ஸ்கிரிப்ட்டையும் முழுச் சோதனைத் தொகுப்பையும் அந்தப் பழைய மரத்திலேயே ஓட்டுங்கள். புதிய கெர்னலில் கிடைத்த பச்சை அங்கே செல்லாது.